மா என்னும் ஓரெழுத்து

விழுப்புரம் மாவட்டத்தில், கூட்டேரிப்பட்டிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில், சிறு குன்றொன்றின்மேல் முருகன் கோயில் கொண்டு விளங்கும் ஊர் மயிலம். சூரபதுமன் கடல் நடுவே மாமரமாக நின்றான் என்றும், முருகனது வேல் அம்மரத்தை இரு கூறாக்க, ஒன்று மயிலாகவும் மற்றொன்று சேவலாகவும் ஆயின என்றும் கந்தபுராணம் கூறும். அச்சூரனே மயிலுருவில் தவமிருந்து இங்கு மலையாயினான் என்பது இவ்வூரின் தலக்கதை. ஊருக்குப் பெயர் தந்தது மயில். அம்மயிலுக்குப் பிறப்பிடமோ மா.

இக்குன்றேறி வழிபடுவோர் அரிசி மாவினால் விளக்கேற்றுவதும் உண்டு. அவ்விளக்கின் பெயர் மாவிளக்கு. இங்கு மா என்பது மரம் அன்று. இடித்த அரிசிப் பொடி. படியேறும் தாய் பின்தங்கிய மகளை, "சீக்கிரம் வாம்மா" என்று அழைப்பாள். இங்கு மா என்பது மரமும் அன்று, பொடியும் அன்று. ஒரு குன்றின் படிகளை ஏறி முடிப்பதற்குள் ஒரே ஒலி மூன்று பொருள் தந்துவிடுகிறது. ஆயினும் ஏறுவோர் எவரும் மயங்குவதில்லை.

ஓரெழுத்தே ஒரு சொல்லாய் நின்று பொருள் தருவதைத் தமிழ் இலக்கணம் ஓரெழுத்து ஒருமொழி என்று வழங்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பவணந்தி முனிவர் தம் நன்னூலில் இத்தகைய சொற்கள் சிறப்புடையன 42 என்று கணக்கிட்டார். நொ, து என்னும் இரண்டு மட்டுமே குறில். ஏனைய நாற்பதும் நெடில். அவற்றுள் மகர வரிசையில் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. வேறெந்த மெய்யின் வரிசைக்கும் ஆறு கிடைக்கவில்லை. மயிலத்தில் 1938-ஆம் ஆண்டு முதல் தமிழ்க் கல்லூரி ஒன்று நடைபெற்று வருகிறது. நன்னூலை முறையாகக் கற்போர் இந்த 42 சொற்களையும் தவறாது மனத்தில் இருத்திக்கொள்வர்.

அந்த ஆறனுள் பொருள்வளம் மிக்கது மா. மாமரம் ஒரு பொருள். விலங்கு மற்றொரு பொருள். அரிமா, கரிமா, பரிமா என்னும் சொற்களில் சிங்கம், யானை, குதிரை ஆகியவற்றின் பின்னே நிற்பது இந்த மாவே. தனித்து நிற்கும்போது குதிரையை மட்டுமே குறிப்பதும் பழைய நூல்களில் உண்டு. உரிச்சொல்லாகிப் பெருமையைக் குறிக்கும். மாநகர், மாநிலம், மாபெரும் என்பன காண்க. கருமையையும் குறிக்கும். மாயோன் என்னும் திருமாலின் பெயரைக் கருமை குறித்த இச்சொல்லோடு சேர்த்து விளக்குவர். திருமகள், வண்டு என்று நிகண்டுகள் மேலும் அடுக்கும். அரிசி, கோதுமை முதலியவற்றின் பொடியைத் தமிழ்நாட்டார் மாவு என்று நீட்டிச் சொல்ல, இலங்கைத் தமிழர் மா என்றே இன்றும் வழங்குகின்றனர்.

இத்தனை பொருளும் ஒரே சொல்லில் நெருக்கி நின்றால் கேட்பவன் திகைக்கமாட்டானா? இடமும் தொடர்ச்சியும் பொருளைக் காட்டும் என்பது பொதுவான விடை. ஆனால் தமிழில் இன்னும் நுட்பமான ஒரு காவல் இருக்கிறது. பழம் என்னும் சொல்லோடு மாமரத்தின் மா சேரும்போது இடையில் மெல்லெழுத்துத் தோன்றி மாம்பழம் ஆகிறது. மாங்காய், மாந்தோப்பு, மாந்தளிர் என்பனவும் அவ்வாறே. பெருமை குறித்த மாவோ இயல்பாகவே புணரும். மாபெரும், மாகடல், மாதவம் என்போம். மாபெரும் கூட்டம் என்பதை மாம்பெரும் கூட்டம் என்று சிறு குழந்தையும் சொல்லாது. தொல்காப்பியர் விலங்கு குறித்த மாவுக்கும் மரம் குறித்த மாவுக்கும் வேற்றுமைப் புணர்ச்சியில் வெவ்வேறு விதி வகுத்தார். மரத்தின் கிளை மாஅங்கோடு. விலங்கின் கொம்பு மான்கோடு. ஒலி ஒன்றாயினும் அடுத்த சொல்லைத் தொட்டவுடன் மரம் ஒரு வழியும் விலங்கு ஒரு வழியும் செல்கின்றன.

கணக்கிலும் இச்சொல் புகுந்தது. பழந்தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் மா என்பது இருபதில் ஒரு பங்கு. காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதற்கு மாகாணி என்றே பெயர். பின்னத்தின் பெயரே கூட்டல் கணக்காகவும் அமைந்திருப்பது அழகன்றோ! நில அளவையில் ஒரு வேலியின் இருபதில் ஒரு பங்கு மா. சோழநாட்டு உழவர் மூன்று மாவை ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று கொள்வர்.

இனித் தமிழின் எல்லையைக் கடந்து பார்ப்போம். தெலுங்கில் மா என்றால் "எங்கள்" என்பது பொருள். கேட்பவரையும் உட்படுத்திச் சொல்லும்போது தெலுங்கர் மன என்பர்; கேட்பவரை நீக்கிச் சொல்லும்போது மா என்பர். நம் ஊர் என்பதற்கும் எங்கள் ஊர் என்பதற்கும் தமிழில் உள்ள வேறுபாடு இதுவே. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டைக் காட்டத் தனிச்சொல் இல்லை.

இந்தியில் மா என்பது தாய். அங்கு மூக்கொலி கலந்து ஒலிக்கும். வடமொழியில் மா என்பது விலக்குச் சொல். "வேண்டா, செய்யாதே" என்று தடுப்பது. பறவையைக் கொன்ற வேடனை நோக்கி வான்மீகி முனிவர் கூறியதாகச் சொல்லப்படும் சுலோகத்தின் முதற்சொல் இந்த மாதான். மயிலம் முருகனுடைய தாயின் பெயரிலும் இது இருப்பதாகக் காளிதாசர் தம் குமாரசம்பவத்தில் காட்டுகிறார். தவம் செய்யப் புறப்பட்ட மகளைத் தாய் மேனை, "உ, மா" என்று சொல்லித் தடுத்தாளாம். "அம்மம்ம, வேண்டா" என்பது கருத்து. அதனால் உமா என்னும் பெயர் அமைந்தது என்பது கவிஞர் தரும் விளக்கம். சொற்பிறப்பியலார் இதனை ஒப்புவரோ ஒப்பாரோ, தாயின் பதற்றம் ஓரெழுத்தில் அடங்கிவிட்டது.

மயிலத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலை புதுச்சேரியில் முடிகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் அங்குக் குடியேறினர். 1954-இல் அவர்கள் ஆட்சி நீங்கியது. மொழி முற்றும் நீங்கவில்லை. பிரெஞ்சில் ம என்று குறுகி ஒலிக்கும் சொல் "என்னுடைய" என்று பொருள்படும். ஆயினும் பெண்பால் பெயர்களுக்கு முன்னரே அது வரும். ஆண்பால் பெயருக்கு முன் மோன் என்று வேறு சொல் வந்துவிடும். தெலுங்கில் "எங்கள்", பிரெஞ்சில் "என்" என்று இரண்டும் நெருங்கி வருவதைக் கண்டு வியக்கலாம், உறவு கொண்டாடலாகாது. அதன் காரணம் பின்னர்த் தெளிவாகும்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பகுதித் தமிழர் பலர் வியட்நாமிலுள்ள சைகோன் நகருக்குத் தொழில் நாடிச் சென்றனர். அந்நகரில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் உள்ளது. அங்குச் சென்ற தமிழர் செவிக்கு வியட்நாம் மொழி பெருஞ்சோதனையாய் இருந்திருக்கும். அம்மொழியில் ஒரே மா குரலின் ஏற்ற இறக்கத்தால் ஆறாகப் பிரியும். சமமாக ஒலித்தால் பேய். குரலை உயர்த்தினால் தாய். தாழ்த்தினால் "ஆனால்" என்னும் இடைச்சொல். வேறு மூன்று வகையாக வளைத்தும் நெரித்தும் ஒலித்தால் கல்லறை, குதிரை, நெல் நாற்று. தாயை அழைக்க எண்ணியவன் குரல் சற்றே தவறினால் பேயை அழைத்தவனாவான்! சீன மொழியிலும் இவ்வாறே தாய், சணல், குதிரை, திட்டுதல் என்று நான்கு தொனிகளில் நான்கு பொருள்கள் உள்ளன. தொனியின்றி வாக்கியத்தின் இறுதியில் வந்தால் தமிழின் வினா ஆகாரம்போல அது வினாவாகும். தாய்லாந்து மொழியில் வா என்பதும், குதிரை என்பதும், நாய் என்பதும் தொனி வேறுபட்ட மாக்களே.

மேற்கே அரபு மொழியில் மா என்பது "என்ன" என்னும் வினா. இடத்தை நோக்கி "இல்லை" என்னும் மறுப்பும் ஆகும். அதனோடு இறுதியில் ஒரு தொண்டையொலி சேர்ந்தால் தண்ணீர். பாரசீகத்தில் நாம், இத்தாலியில் ஆனால், அங்கேரியில் இன்று, எஸ்தோனியாவில் நான், பின்லாந்தில் நிலம், நாடு. சப்பானியர் இரு பொருள்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தையும், இரு ஒலிகளுக்கு இடையேயுள்ள அமைதியையும் ம என்பர்.

இங்கே ஒரு குழியும் இருக்கிறது. கற்றவரும் அதில் விழுந்ததுண்டு. தமிழில் மா குதிரை. சீனத்தில் மா குதிரை. வியட்நாமிலும் தாய்லாந்திலும் அவ்வாறே. ஆகவே இம்மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவு கட்ட மனம் விரையும். ஆராய்ந்து பார்த்தால் தமிழ் மா முதலில் விலங்கு என்னும் பொதுப்பொருள் உடையது. குதிரை அதன் சிறப்புப் பொருள். சீனச் சொல்லோ மிகப் பழங்காலத்தில் மகரத்தை அடுத்து ரகரம் பெற்று, மர என்பது போல ஒலித்தது என்று அறிஞர் கண்டுள்ளனர். இன்று சந்தித்து நிற்கும் இரண்டும் தொடக்கத்தில் ஒன்றையொன்று அறியாதவை. வடமொழி மாவும், அரபு மாவும், பர்மிய மொழியில் வினைக்கு முன் வரும் ம என்பதும் ஆகிய மூன்றும் எதிர்மறையே. இம்மூன்றுக்கும் உறவில்லை. வடமொழி மாவுக்கு உண்மையான உறவினன், வேறு உயிரோடு ஒலிக்கும் கிரேக்க மே என்னும் சொல்லே.

ஒலி ஒத்தால் உறவு என்பது பிழை; ஒலி மாறும் முறை ஒத்தால் உறவு என்பதே மொழிநூலாரின் உரைகல். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. இங்குப் பல், அங்கு ஹல்லு. இங்குப் புலி, அங்கு ஹுலி. பொன் ஹொன்னு ஆகிறது. சொல் முதற் பகரம் ஹகரமாகும் இம்முறை சொல்லுக்குச் சொல் தவறாது வருவதால் உறவு உறுதியாகிறது. சென்னையில் ஆட்சியராயிருந்த எல்லிசு, தென்னிந்திய மொழிகள் வடமொழியிற் பிறந்தவை அல்ல; தமக்குள் ஓரினம் ஆவன என்பதை 1816-இல் சொற்களை நிரலாக வைத்துக் காட்டினார். கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தில் அதனை விரித்து நிறுவினார். அவர்கள் ஓரெழுத்து ஒற்றுமையை மட்டும் நம்பியிருந்தால் தமிழைச் சீனத்துக்குத் தங்கையாக்கியிருக்கலாம்.

இவ்வளவு மொழிகளில் இவ்வொலி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இதழை மூடித் திறந்தால் மா பிறக்கிறது. நாவுக்கு வேலையே இல்லை. உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் இருக்க, எளிதில் ஒலிக்கும் ஓரசைகளோ மிகச் சிலவே. பொருள்கள் எண்ணற்றவை. ஆகவே ஒரே அசை பல மொழிகளில் பல பணிகளுக்கு அமர்த்தப்படுவதும், ஓரிரு இடங்களில் பணி ஒத்துப்போவதும் இயல்பு.

தாய் என்னும் பொருளுக்கு மட்டும் வேறொரு காரணமும் கூறுவர். பால் அருந்தும் குழந்தையின் இதழ் மூடியிருக்க, அதன் முனகல் மூக்கின் வழியே மகரமாக வெளிப்படுகிறது. அவ்வொலியே பின்னர்ப் பாலுக்கும் பால் தருபவளுக்கும் அழைப்பொலியாகிறது என்று உரோமன் யாக்கோப்சன் என்னும் மொழியறிஞர் 1960-இல் வெளியான ஒரு கட்டுரையில் விளக்கினார். கருத்து ஏற்கத்தக்கதே. எனினும் சியார்சிய மொழியில் மாமா என்பது தந்தை. தாய்க்குப் பெயர் தெதா. தமிழ்ப் பிள்ளைக்கு மாமா என்பவர் தாயுடன் பிறந்தவர். குழந்தையின் முனகலை யாருக்கு உரியதாக்குவது என்பதை அவ்வவ் வீட்டுப் பெரியோரே தீர்மானிக்கின்றனர் போலும்.

தற்செயலான ஒப்புமை இத்தனை கண்டோம். தற்செயல் அல்லாத ஒன்றும் உண்டு. மாமரத்தின் காய் தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ங. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர் மலபார்க் கரையில் வாணிகம் செய்த போர்ச்சுகீசியர் அக்கனியை மங்கா என்றனர். மலாய் மொழி மங்கா என்றே கொண்டது. பிரெஞ்சுக்காரர் மாங்கு என்றும், ஆங்கிலேயர் மேங்கோ என்றும் வழங்கினர். இவை யாவும் வாணிகர் வாய்வழிச் சென்ற ஒரே சொல். சென்ற வழியும் காலமும் ஓரளவு தெரிந்தவை. பாதிச் சொல்லாகிய காய் தேய்ந்து உருமாறிவிட்டது. முதலெழுத்தாகிய மா மட்டும் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது.

கோடைக்காலத்தில் மயிலத்துக் குன்றடியில் மாங்காய் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்பவளிடம் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சு நாட்டார் ஒருவர் கைகாட்டி, "மாங்கு" என்று கேட்டால், அவள் ஒரு துண்டை எடுத்து நீட்டுவாள். மொழிபெயர்ப்பாளன் எவனும் அங்குத் தேவைப்படமாட்டான்.