தாய் தந்த காப்பு

நிலவாழ் உயிரினங்களுள் மிகப் பெரியது யானை. ஏறத்தாழ 22 மாதங்கள் வயிற்றில் சுமந்து, பிடி தன் கன்றை ஈனுகிறது. அடுத்த கன்றை ஈனப் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இத்துணை அருமையான கன்றை ஓரிரு நாள்களில் மாய்க்கவல்ல நோய் ஒன்று உண்டு. யானைகளைத் தாக்கும் ஒருவகை ஹெர்பிஸ் தீநுண்மியே அதற்குக் காரணம்.

1995ஆம் ஆண்டு, வாஷிங்டன் நகரத் தேசிய விலங்குக் காட்சிசாலையில் குமாரி என்னும் 16 மாதக் கன்று திடீரென இறந்தது. அதன் உடலை ஆராய்ந்தபோதே இத்தீநுண்மி இனங்காணப்பட்டது. தென்னிந்தியக் காடுகளிலும் கன்றுகள் இந்நோயால் இறந்தமையை 2013இல் வெளியான ஆய்வொன்று உறுதிசெய்தது.

இத்தீநுண்மி, குருதிக்குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கிறது. அதனால் இதயம் முதலிய உறுப்புகளில் குருதி கசிகிறது, தலை வீங்குகிறது, நாக்கு நீலம் பாரிக்கிறது. இவ்வறிகுறிகள் தோன்றியபின் மருத்துவம் செய்யக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு.

வளர்ந்த யானைகள் பலவற்றின் உடலிலும் இதே தீநுண்மி உறங்கிக் கிடக்கிறது; ஆயினும் அவற்றுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. கன்றுகளை மட்டும் அது கொல்வது ஏன்?

கருவிலிருக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றை அடைகின்றன. அவை இரவல் காப்பே. நாளடைவில் குறைந்து மறையும். அதற்குள் கன்றின் உடல் தனக்குரிய எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு காப்பு தேய்ந்து, மற்றொன்று உருவாகாத இடைவெளியே ஆபத்தானது. நோயால் மாண்ட கன்றுகளின் குருதியில், தம்மைத் தாக்கிய தீநுண்மி வகைக்குரிய எதிர்ப்பொருள்கள் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருந்தமை ஆய்வுகளில் தெரியவந்தது.

எனவே, காட்சிசாலைகளில் கன்றுகளின் குருதி அடிக்கடி சோதிக்கப்படுகிறது. அறிகுறிகள் வெளிப்படும் முன்னரே தீநுண்மியைக் கண்டறிந்தால் மருந்து அளிக்கின்றனர். வளர்ந்த யானையின் பிளாஸ்மாவையும் செலுத்துகின்றனர். இவ்வாறு உயிர்பிழைத்த கன்றுகளும் உண்டு.

காட்டில் வாழும் கன்றுக்கு இத்தகைய கண்காணிப்பு வாய்ப்பதில்லை. தாயின் காப்பு நீடிக்கும்போதே கூட்டத்தின் மூத்த யானைகளிடமிருந்து தீநுண்மி தொற்றினால், கன்று நோயை வெல்லப் பழகும் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

இயற்கையின் இவ்வழியைத் தடுப்பூசியால் நிகழ்த்த அறிவியல் முயல்கிறது. 2024ஆம் ஆண்டு சூன் திங்களில், ஹூஸ்டன் விலங்குக் காட்சிசாலையில் டெஸ் என்னும் பிடிக்கு, இந்நோய்க்கான தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. தாய் தந்த காப்பு தீருமுன் கன்றுக்குச் சொந்தக் காப்பைத் தருவதே இம்முயற்சியின் நோக்கம்.