மிதியில் பிறக்கும் இசை: பழைய பெடல் ஸ்டீல் கித்தாரும் அதன் சீரமைப்பும்

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று இசைக் கருவிகளை நம் முன்னோர் வகுத்தனர். இவ்வகையில் பெடல் ஸ்டீல் கித்தார் நரம்புக்கருவியே ஆகும். ஆயினும் அதனைக் கவிழ்த்து அடிப்புறத்தை நோக்குவோர், இஃது இசைக் கருவியா அல்லது தையல் இயந்திரமா என்று ஐயுறுவர். இழுகம்பிகளும் நெம்புகோல்களும் சுருள்வில்களும் அச்சுகளும் அங்கே நெருங்கிக் கிடக்கும். இசையும் எந்திரவியலும் இத்துணை நெருக்கமாகப் பிணைந்த கருவிகள் மிகச் சிலவே.

ஆராய்ச்சிப் பணியின் பொருட்டு 2016 முதல் 2020 வரை அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வாழும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கிராமிய இசைக்குப் பெயர் பெற்ற அந்நகரில், 1970-களில் செய்யப்பட்டுப் பயனற்றுக் கிடந்த பெடல் ஸ்டீல் கித்தார் ஒன்றை வாங்கி, ஓய்வு நேரங்களில் சீரமைத்தேன். அவ்வனுபவத்தில் கற்றவற்றை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய பொருளைச் சீரமைக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதே இதன் மையக் கேள்வி.

தோற்றமும் வளர்ச்சியும்

இக்கருவியின் மூலம் ஹவாய்த் தீவுகளில் உள்ளது. கித்தாரை மடியில் கிடத்தி, விரலால் கம்பியை அழுத்துவதற்கு மாறாக எஃகுத் துண்டு ஒன்றைக் கம்பியின்மேல் வழுக்கி வாசிக்கும் முறையை, 1889-ஆம் ஆண்டு வாக்கில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் உருவாக்கினார் என்பர். இந்தியாவில் பிறந்து ஹவாய்க்குச் சென்ற கேப்ரியல் டேவியன் என்பவர் அதற்கு முன்னரே அவ்வாறு வாசித்தார் என்று கூறுவோரும் உளர். 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சி ஹவாய் இசையை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. 1932-இல் ரிக்கன்பேக்கர் நிறுவனம் மின்சார ஸ்டீல் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாணலியைப் போன்ற தோற்றத்தால் அதற்கு ‘வாணலி’ என்றே பட்டப்பெயர் அமைந்தது.

நம் நாட்டுக் கோட்டுவாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு இந்த வழுக்கல் புதிதன்று. சுரத்திலிருந்து சுரத்திற்கு இடைவெளியின்றி ஊர்ந்து செல்லும் ஜாருவே அதன் உயிர். ஆனால் மேலைநாட்டு இசை, பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் இசை. நேரான எஃகுத் தண்டு எல்லாக் கம்பிகளையும் ஒரே கோட்டில் தொடுவதால், சுரக்கூட்டு முழுவதும் மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும். அதன் உள்ளமைப்பு மாறாது. இக்குறையைப் போக்க ஒரே கருவியில் இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளை அமைத்துப் பார்த்தனர். பின்னர் காலால் மிதித்துக் கம்பியின் சுருதியை மாற்றும் முறை தோன்றியது.

முதலில் ஒரு சுருதி அமைப்பிலிருந்து மற்றொன்றிற்குத் தாவவே பெரிதும் மிதிகள் பயன்பட்டன. கம்பி ஒலித்துக் கொண்டிருக்கும்போதே மிதித்து, ஒரு சுரம் மட்டும் வளைந்து ஏற, மற்றவை அசையாது நிற்கும் அழகை உலகறியச் செய்தவர் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸ் பாடி 1954-இல் பெரும் வெற்றி பெற்ற ‘ஸ்லோலி’ என்ற பாடலில் அவ்வொலி கேட்டது. அதன்பின் பிற கலைஞர்களும் தம் கருவிகளில் மிதி பொருத்தத் தொடங்கினர். ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் 1950-களில் தொடங்கிய ஷோ-பட் நிறுவனமும், எம்மன்ஸ் 1960-களில் தம் பெயரிலேயே தொடங்கிய நிறுவனமும் இக்கருவியின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை.

கருவி இயங்கும் விதம்

இக்கருவி நான்கு கால்களில் மேசைபோல் நிற்கும். பெரும்பாலும் மேப்பிள் மரத்தால் ஆன உடல். ஒவ்வொரு கழுத்திலும் வழக்கமாகப் பத்துக் கம்பிகள். தரையருகே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மிதிகள். முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள் நான்கைந்து. வாசிப்பவர் இடக்கையில் எஃகுத் தண்டையும் வலக்கை விரல்களில் மீட்டிகளையும் கொண்டு, இடக்காலால் மிதிகளையும் வலக்காலால் ஒலியளவையும் ஆள்கிறார். இரு கை, இரு கால், இரு முழங்கால் அனைத்திற்கும் ஒரே நேரத்தில் வேலை உண்டு.

மிதியின் பயனை நம் சுரங்களைக் கொண்டே விளக்கலாம். கம்பிகள் ‘ச-க-ப’ எனச் சேர்க்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். முதல் மிதி பஞ்சமத்தைச் சதுச்ருதி தைவதத்திற்கு ஏற்றுகிறது. இரண்டாம் மிதி அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்தியமத்திற்கு ஏற்றுகிறது. இரண்டையும் அழுத்தினால் ‘ச-க-ப’ என்பது ‘ச-ம-த’ ஆகிவிடும். ஷட்ஜம் அசையாமல் நிற்க, மற்ற இரண்டும் உருகி வேறொரு சுரக்கூட்டாக மாறுகின்றன. கேட்போர் நெஞ்சைத் தொடுவது இந்த மாற்றமே.

இதன் பின்னுள்ள இயற்பியல் எளிது. கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே அரைச்சுரம் ஏற்ற இழுவிசையை ஏறத்தாழ 12 விழுக்காடும், முழுச்சுரம் ஏற்ற 26 விழுக்காடும் கூட்ட வேண்டும். 24 அங்குல நீளமும் 0.011 அங்குல விட்டமும் உடைய காந்தாரக் கம்பியில் சுமார் பன்னிரண்டரைக் கிலோகிராம் எடைக்கு நிகரான இழுவிசை இருக்கும். மிதித்தால் அது பதினான்கு கிலோகிராம் ஆகும். எஃகு அறுந்துபோகும் எல்லைக்கு இஃது அருகில் உள்ளதால், அக்கம்பி அடிக்கடி அறுவதில் வியப்பில்லை. பத்துக் கம்பிகளும் சேர்ந்து நூறு கிலோகிராமிற்கும் மேற்பட்ட விசையால் அம்மரப்பெட்டியை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

கம்பியின் முனை ‘விரல்’ எனப்படும் சிறு அலுமினியத் துண்டின் வளைந்த தலைமேல் அமர்ந்திருக்கும். மிதியை அழுத்தினால் குறுக்கு அச்சு சுழன்று, அதிலுள்ள நெம்புகோல் இழுகம்பியை இழுக்க, விரல் சற்றே சாய்ந்து கம்பியை முறுக்கேற்றும். மிதியை விட்டதும் எல்லாம் பழைய நிலைக்கு மீள வேண்டும். அந்த மீட்சி மயிரிழை பிசகினாலும் சுருதி கெடும்.

பழுதுகள்

நான் வாங்கிய கருவி, நடன அரங்குகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்த ஒரு கலைஞருடையது. மூட்டு வாதத்தால் விரல்கள் மடங்கி அவர் வாசிப்பை நிறுத்தியிருந்தார். எனக்கு முன் கேட்டு வந்தவர்கள், அதனைப் பிரித்து உதிரிப் பாகங்களாக விற்க எண்ணியவர்கள். பழைய பிக்கப்பும் மிதியும் திருகாணியும் தனித்தனியே நல்ல விலை போகும். முழுக் கருவியைவிடச் சில வேளை கூடுதலாகவே கிடைக்கும். அது மீண்டும் ஒலிக்க வேண்டும் என்பது ஒன்றே அம்முதியவரின் விருப்பம்.

முதல் விதி, ஒரு திருகையும் தொடுமுன் எல்லாவற்றையும் பதிவு செய்தல். எந்த இழுகம்பி எந்த நெம்புகோலின் எத்தனையாவது துளையில் மாட்டப்பட்டுள்ளது என்று படம் வரைந்து, நிழற்படமும் எடுத்து வைத்தேன். கழற்றிய பாகங்களை எண்ணிட்ட சிறு பெட்டிகளில் இட்டேன்.

அடுத்தது விரல் தொகுதி. பல்லாண்டு எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாக இறுகியிருந்ததால் விரல்கள் முழுதும் மீளவில்லை. நாப்தாவைச் சிறு தூரிகையால் செலுத்திக் கழுவி, உலரவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி மட்டும் இட்டேன். கெட்டியான மசகு தூசியைப் பிடித்து மறுபடியும் பிசினாகும். ஆகவே அது கூடாது.

துத்தநாகக் கலவையில் வார்த்த நெம்புகோல்கள் இரண்டு விரிசல் கண்டிருந்தன. காலப்போக்கில் இவ்வகை வார்ப்பு நொறுங்குவது பல பழைய எந்திரங்களில் காணும் குறையே. அவற்றின் அளவிலேயே அலுமினியத்தில் கடைந்து பொருத்தினேன். உடைந்த பழைய துண்டுகளையும் பொதிந்து கருவியின் பெட்டியிலேயே வைத்துள்ளேன்.

பிக்கப் ஊமையாகியிருந்தது. மின்தடையை அளந்தபோது சுற்று அறுபட்டிருப்பது தெரிந்தது. புதிய கம்பி சுற்றினால் ஒலிக்கும். ஆனால் அந்தக் குரல் போய்விடும். உருப்பெருக்கியின் துணையால் தேடியபோது, தலைமயிர் அளவே தடித்த செப்புக்கம்பி வெளிமுனையில், பற்றவைத்த இடத்தருகே அறுந்திருக்கக் கண்டேன். அவ்விடத்தை மட்டும் மீண்டும் பற்றவைத்ததும் ஏறத்தாழ 17 கிலோ ஓம் காட்டியது. பழைய குரல் மீண்டது.

சுருதி சேர்த்தல்

மின்னணுச் சுருதிமானி காட்டும் சம இடைவெளிக் கணக்கில் காந்தாரக் கம்பியின் அதிர்வெண் 415.3, ஷட்ஜக் கம்பி 329.6. ஆனால் இயல்பான காந்தாரம் ஷட்ஜத்தின் 5/4 பங்கு, அதாவது 412.0. இந்த வேறுபாடு சிறிதாயினும் இரண்டையும் சேர்த்து மீட்டும்போது நொடிக்குச் சுமார் 13 விம்மல்கள் கேட்கும். எனவே ஸ்டீல் கித்தார் வாசிப்போர் பலர் காந்தாரத்தை மானி காட்டுவதைவிடச் சற்றே இறக்கி வைப்பர். தம்பூராவின் ஒலியில் தானே எழும் காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இஃது உடனே விளங்கும்.

இன்னொரு நுட்பம் உண்டு. மிதிகளை அழுத்தும்போது மரப்பெட்டி கண்ணுக்குத் தெரியாமல் வளைவதால், மிதி தொடாத கம்பிகளின் சுருதியும் சற்று இறங்குகிறது. நான் அளந்தபோது ஷட்ஜம் ஏறத்தாழ ஐந்து சென்ட், அதாவது அரைச்சுரத்தின் இருபதில் ஒரு பங்கு, இறங்கியது. இதனை முற்றிலும் நீக்க இயலாது. தண்டை ஏந்திய கைதான் ஈடு செய்ய வேண்டும்.

அழுக்கும் தழும்பும்

இனி மையக் கேள்விக்கு வருவோம். பழுதுபார்ப்பதில் வல்லவர் ஒருவர், அடிப்புற எந்திரம் முழுவதையும் புதிய வகைக்கு மாற்றிவிடுமாறு அறிவுரை கூறினார். வேறொருவர் மங்கிய மெருகைச் சுரண்டிப் புதுப் பூச்சு பூசச் சொன்னார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. புதிய எந்திரம் துல்லியமானது. புதிய பூச்சு பளபளப்பானது.

என் தயக்கத்தைத் தீர்த்தது ஓர் இழுகம்பி. முதல் மிதியின் இழுகம்பி, நெம்புகோலில் அச்சுக்கு மிக அருகிலுள்ள துளையில் மாட்டப்பட்டிருந்தது. அங்கே மாட்டினால் மிதி இலேசாகும். ஆனால் நெடுந்தூரம் அழுந்த வேண்டும். விரைவாக வாசிக்க விரும்புவோர் வெளித்துளையையே நாடுவர். கருவியின் முந்தைய உரிமையாளரிடம் காரணம் கேட்டேன். மெதுவான பாடல்களில் மிதியைப் பாதியிலேயே நிறுத்தி, சுரத்தைத் தயங்கித் தயங்கி ஏற்றுவது தம் வழக்கம் என்றும், அதற்கு நீண்ட மிதியே வேண்டும் என்றும் அவர் கூறினார்.

ஆக, நான் பிழையென்று கருதித் திருத்தியிருக்கக் கூடிய ஒன்று ஒரு மனிதரின் கால் எழுதிவைத்த கையெழுத்து! எந்திரத்தை முழுதும் மாற்றியிருந்தால் அது அழிந்திருக்கும். வலக்கை உராய்ந்து மெருகு தேய்ந்த இடமும் அத்தகையதே. பிசினாய் இறுகிய எண்ணெய் அழுக்கு. அதை நீக்குவது கடமை. தேய்ந்த மெருகு தழும்பு. அதைக் காப்பதும் கடமை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே சீரமைப்புக் கலையின் முதற்பாடம் என்பேன்.

சீரமைத்த கருவியை அம்முதியவர் வீட்டிற்கு எடுத்துச் சென்றேன். தண்டை அவரால் பிடிக்க இயலவில்லை. நான் கம்பிகளை மீட்ட, அவர் காலால் மிதித்தார். பஞ்சமம் பாதிவழியில் தயங்கி நின்று, பின் தைவதத்தில் அமர்ந்தது. அவர் வேறொன்றும் சொல்லவில்லை; மறுபடி மீட்டுமாறு சைகை காட்டினார்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! பழைய வீணையோ ஆர்மோனியமோ உங்கள் வீட்டுப் பரணிலும் உறங்கிக்கொண்டிருக்கலாம். அதனைக் கையில் எடுக்கும் நாளில் மூன்றை நினைவில் கொள்ளுங்கள். முதலில் பதிவு செய்யுங்கள். மீட்க முடியாத மாற்றம் எதையும் செய்யாதீர்கள். ஏன் அப்படி இருக்கிறது என்று அறியும்வரை எதையும் பிழையென்று கொள்ளாதீர்கள். கூடுமானால் அதனை வாசித்தவரைத் தேடிக் கேளுங்கள். கருவிகள் நெடுநாள் காத்திருக்கும். அவற்றின் மொழி அறிந்த மனிதர் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.