சென்னையின் இரு தண்டவாளக் கம்பெனிகள்

காலையில் மாம்பலம் நிலையத்தில் மின்ரயிலுக்குக் காத்து நிற்கும் நாம், அப்பாதை ஒரு காலத்தில் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் பொறுப்பில் இருந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை. மயிலாப்பூர்ப் பக்கம் டிராம் ஓடியதையும் முதியோர் சொல்லித்தான் அறிவோம். இவ்விரு கம்பெனிகளையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென்னிந்திய ரயில்வே

1861இல் நாகப்பட்டினத்திற்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அக்காலத்து ரயில் கம்பெனிகளின் முதல் இங்கிலாந்தில் திரட்டப்பட்டது. அரசு நிலத்தை இலவசமாக வழங்கி, முதலுக்கு 5 சதவீத வட்டிக்கும் உத்தரவாதம் அளித்தது. வருவாய் குறைந்தால் அக்குறையை இந்திய மக்களின் வரிப்பணமே ஈடுசெய்தது. ஆகவே சிக்கனத்தில் கம்பெனிகளுக்கு அக்கறை குறைவாக இருந்ததில் வியப்பில்லை.

1874இல் கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து, ‘தென்னிந்திய ரயில்வே’ உருவாயிற்று. 1890இல் பாதையை அரசு வாங்கிக்கொண்டது. ரயில் ஓட்டும் பணி ஒப்பந்தப்படி புதிய கம்பெனியிடம் விடப்பட்டது. உடைமை அரசுக்கு, நடத்தும் உரிமை கம்பெனிக்கு! 1908இல் எழும்பூர் நிலையம் திறக்கப்பட்டது. தியாகராய நகர் உருப்பெற்று வந்த காலத்தில், 1931இல், கடற்கரை–தாம்பரம் மின்ரயில் வந்தது. 1944 ஏப்ரல் 1இல் அரசே பொறுப்பேற்றது. 1951இல் தென்னக ரயில்வே பிறந்தது.

டிராம் வண்டி

சென்னையில் 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. முதலில் தரைக்கடியில் அமைந்த கால்வாய் வழியாகவும், பின்னர் மேல்நிலைக் கம்பி வழியாகவும் அது மின்சாரம் பெற்றது. பயணிகள் தரும் சில்லறைக் காசே அதன் வருவாய். பஸ் போட்டி மிகுந்தது, நட்டம் பெருகியது. 1953 ஏப்ரலில் வண்டிகள் நின்றன. தொழிலாளர் பிழைப்பிழந்தனர், பயணிகள் பஸ்ஸைத் தேடினர்.

நாம் பெறும் பாடம்

ஒரு கம்பெனிக்கு நட்டத்தைப் பற்றிய கவலை இல்லை. மற்றொன்று நட்டத்தாலேயே மறைந்தது. முன்னதில் வரி செலுத்தியோர் சுமந்தனர். பின்னதில் தொழிலாளரும் பயணிகளும் சுமந்தனர்.

2022இல் கோவையிலிருந்து ஷீரடிக்குத் தனியார் ஒருவர் குத்தகைக்கு எடுத்த ரயில் புறப்பட்டது. பழைய கேள்வி மீண்டும் நம்முன் நிற்கிறது. எந்த ஒப்பந்தத்திலும் இலாபம் யாருக்கு என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. நட்டம் யார் தலையில் விழும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். வரலாறு பயிலும் நமக்கு அக்கடமை உண்டு.