முதல் ஆறு மாதம்: கல்லூரிக்குப் போகும் மகளுக்கு அம்மாவின் துணை



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எல்லாக் குழுக் கூட்டத்திலும் ஒரே பேச்சுதான். மார்க் எவ்வளவு, எந்தக் காலேஜ், என்ன பாடம், ஃபீஸ் எவ்வளவு என்று விசாரித்துக்கொள்வோம். சீட் கிடைத்து, பணம் கட்டி, சாரல் விழும் நாளில் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டால், "அப்பாடா, இனி அவ பாடு" என்று பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்துவிடுகிறோம். ஆனால் களத்தில் நான் பார்த்தவரை, பாதியில் படிப்பை விடும் பிள்ளைகளில் பலரும் மூன்றாம் வருடத்தில் விடுவதில்லை. முதல் செமஸ்டரிலோ, அதன் ரிசல்ட் வந்த வாரத்திலோதான் விடுகிறார்கள். அதனால் இம்மாதப் பாடத்தில் சீட் வாங்குவதைப் பற்றிப் பேசப் போவதில்லை. சீட் வாங்கிய பிறகு வரும் ஆறு மாதத்தைப் பற்றிப் பேசுவோம்.

குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964-இல் தொடங்கப்பட்டது. அறுபது வருடம் தாண்டிவிட்டது. இன்று சுரண்டையில் காமராஜர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஆலங்குளத்திலும் கடையநல்லூரிலும் அரசுக் கல்லூரிகள் வந்துவிட்டன. திருநெல்வேலிக்குப் போய் ராணி அண்ணா கல்லூரியிலோ சாரா தக்கர் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைகளும் உண்டு. அப்படியிருந்தும் நம் உறுப்பினர் வீடுகள் பலவற்றில் கல்லூரிக்குள் கால் வைக்கும் முதல் ஆள், இந்த வருடம் போகும் மகள்தான். அங்கே என்ன நடக்கும் என்று அவளுக்குச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அம்மா நான்காவதோ எட்டாவதோ படித்திருப்பார். "எனக்கு என்ன தெரியும் மேடம், நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்க?" என்று கேட்காத அம்மா இல்லை. பாடத்தை நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களால் செய்ய முடியாத சில காரியங்கள் இருக்கின்றன, அவை உங்கள் கையில் இருக்கின்றன.

நல்லா படிச்ச பிள்ளை ஏன் அழுகிறாள்?

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் போகாவிட்டால் டீச்சர் மறுநாள் கேட்பார். வீட்டுப்பாடம், டெஸ்ட், ஸ்பெஷல் கிளாஸ் என்று யாராவது பின்னாலேயே நிற்பார்கள். கல்லூரியில் அப்படி இல்லை. பேராசிரியர் வந்து பாடம் நடத்திவிட்டுப் போவார். குறிப்பு எடுத்தாயா, புரிந்ததா என்று ஒவ்வொருவரையும் கேட்க அவருக்கு நேரம் இருக்காது.

இதைவிடப் பெரிய அடி இங்கிலீஷ். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, பி.எஸ்சி.யில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தடுமாறுகிறாள். விசை என்று படித்தது இங்கே ஃபோர்ஸ். முடுக்கம் என்று படித்தது ஆக்சிலரேஷன். விஷயம் அவளுக்குத் தெரியும், பெயர்தான் தெரியவில்லை. பக்கத்தில் இங்கிலீஷ் மீடியம் பிள்ளை பட்டென்று பதில் சொல்வதைப் பார்த்து, "நான்தான் மக்கு" என்று முடிவு கட்டிவிடுகிறாள். வீட்டுக்கு வந்து வயிற்றுவலி, தலைவலி என்பாள். "காலேஜ் பிடிக்கலம்மா" என்பாள். பிடிக்காமல் இல்லை, பயம்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். கிலோவுக்குக் கிடைக்கும் சில்லறைக்காக அதைத் தள்ளிவிடும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதே புத்தகம் இங்கிலீஷிலும் இருக்கிறது. அரசு பாடநூல்கள் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; செல்போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். தமிழ்ப் புத்தகத்தையும் இங்கிலீஷ் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பாடத்தைத் தினம் இரண்டு பக்கம் படித்தால் பெயர்கள் தானாகப் பழகும். முதல் வருடப் பாடத்தில் நிறைய, பிளஸ் டூ பாடத்தின் தொடர்ச்சிதான். முதல் மூன்று மாதம் இதை விடாமல் செய்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்து "ரெண்டு பக்கம் ஆச்சா?" என்று கேட்க எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

அரியர் என்றால் என்ன?

இதை எல்லா அம்மாக்களும், முக்கியமாக எல்லா அப்பாக்களும் தெரிந்துகொள்ள வேண்டும். வருடத்துக்கு இரண்டு செமஸ்டர். பரீட்சை பொதுவாக நவம்பரை ஒட்டி ஒன்று, ஏப்ரலை ஒட்டி ஒன்று. பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கு 100 மார்க்கில் 25 கல்லூரியிலேயே டெஸ்ட், அசைன்மென்ட் வைத்துப் போடுவது. 75 பரீட்சையில் எடுப்பது. ஒரு பாடத்தில் தேறாவிட்டால் அது அரியர். பத்தாம் வகுப்பில் பெயிலாகி வீட்டில் உட்காருவது போல இது இல்லை. பிள்ளை அடுத்த செமஸ்டருக்கு வழக்கம்போலப் போவாள். விட்டுப்போன பாடத்தைப் பிறகு பணம் கட்டி எழுதிக்கொள்ளலாம்.

பாவூர்சத்திரம் பக்கத்துக் கிராமத்தில் நம் குழு உறுப்பினர் ஒருவரின் மகள் முதல் செமஸ்டரில் இரண்டு பாடத்தில் அரியர் வைத்துவிட்டாள். அப்பா, "பெயிலான பிள்ளைக்கு எதுக்கு பஸ்ஸு, பேக்கு? தட்டை எடு" என்றுவிட்டார். அதே வாரம் தூரத்துச் சொந்தத்தில் ஒரு வரனும் வந்தது. அந்தக் குழுவின் ஊக்குநரும் அந்த அம்மாவும் கல்லூரிக்கே போய் வகுப்பு ஆசிரியரைப் பார்த்தார்கள். "முதல் செமஸ்டரில் என் வகுப்பில் பாதிப் பேருக்கு அரியர் இருக்கிறது, இதுக்கா படிப்பை நிறுத்துவீங்க?" என்று அவர் கேட்டதும்தான் அந்த அம்மாவுக்கு மூச்சு வந்தது. ஏப்ரலில் பிள்ளை இரண்டையும் எழுதி முடித்தாள். இதே மாதிரி இன்னொரு பிள்ளை, கல்லூரிக்குப் போய்க் கேட்க ஆள் இல்லாமல், அந்தத் தை மாதமே கல்யாணமாகிப் போய்விட்டாள். மார்க்கில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எனவே கல்லூரிக்கு ஒரு தடவையாவது போய் வகுப்பு ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள். சேர்க்கையன்று போனது கணக்கில் சேராது. நல்ல சேலை கட்டணும், இங்கிலீஷ் பேசணும் என்றெல்லாம் இல்லை. 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுதுவதே சிக்கல். ஆகவே கோயில் கொடை, சொந்தக்காரர் சடங்கு என்று நாள் கணக்கில் பிள்ளையை நிறுத்தி வைப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

தட்டும் புத்தகமும்

"பள்ளிக்கூடம் போல சாயந்திரம் வரை இல்லையே மேடம், வெள்ளன வந்துருதா. ரெண்டு கட்டு சுத்தினா என்ன?" என்று கேட்கிறார்கள். தட்டைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் பீடி முடித்துக் கடையில் கொடுத்தால்தான் அடுப்பு எரியும் வீடுகளை எனக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த பிள்ளை இரவு பத்து மணி வரை இலை வெட்டி, சுற்றி, மடக்கிக்கொண்டிருந்தால் எப்போது படிப்பாள்? கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். சாதாரண நாளில் இவ்வளவு நேரம் என்று ஒரு வரம்பு, டெஸ்ட் வாரத்தில் பாதி, பரீட்சைக்கு முந்தைய மாதம் சுத்தமாக இல்லை. அதே வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணனுக்கு இலை நனைத்துக் கொடுக்கத் தெரியாதா என்றும் ஒரு தடவை யோசியுங்கள்.

பணம் வரும் வழி

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருக்கும் அம்மாக்களில் பலர் அதை ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் எடுக்கிறார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை உண்டு. வகுப்பையும் படிப்பையும் பொறுத்து ஆண்டுக்கு 1,000 ரூபாய் முதல் 25,000 ரூபாய் வரை தருகிறார்கள். அம்மாவோ அப்பாவோ குறைந்தது ஆறு மாதமாவது பீடி வேலை செய்திருக்க வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் ஆதாரில் ஒன்று, பீடி அட்டையில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அதை இப்போதே சரிசெய்யுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்பிள்ளைகளுக்காக 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது புதுமைப் பெண் திட்டம். மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்கில் விழும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதற்குத் தடை இல்லை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் 2024 டிசம்பரில் சேர்த்தார்கள். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் காட்டமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆயிரம் ரூபாயை எடுத்து வாரக் கடன் தவணை கட்டும் பழக்கம் சில குழுக்களில் வந்துவிட்டது. அது பிள்ளையின் பஸ்ஸுக்கும், ஜெராக்ஸுக்கும், பரீட்சைப் பணத்துக்கும், மாதாமாதம் நாப்கினுக்கும் உள்ள பணம். ஏ.டி.எம். கார்டு அவள் கையில் இருக்கட்டும். மாதம் ஒரு தடவை இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். நாம் குழுவில் கற்றுக்கொண்ட வரவு செலவு நோட்டை அவளுக்கும் பழக்குங்கள்.

பெரிய தொகை தேவைப்படும் படிப்பு என்றால் தனியார் நிதி நிறுவனத்தில் வாரக் கடன் வாங்காதீர்கள். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை ஆரம்பிக்கும். பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்குக் கலந்தாய்வு வழியாகப் போகும் பிள்ளைக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி வையுங்கள், கட்டணத்தில் சலுகை உண்டு.

பிள்ளை ஏன் சொல்வதில்லை?

பாடத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. கல்லூரி திறக்கும் நேரமும் குற்றால சீசனும் ஒன்றாகவே வருகின்றன. தென்காசியில் இருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் வெளியூர்க் கூட்டம் தொங்கிக்கொண்டு வரும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்தில் இருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் அந்த நெரிசலில் ஒரு பிள்ளைக்கு என்னவெல்லாம் தொல்லை வரும் என்று உங்களுக்கே தெரியும்.

தென்காசிப் பக்கம் நான் நடத்திய வளரிளம் பெண்கள் கூட்டத்தில், "பஸ்ஸில் யாராவது தொந்தரவு செய்தால் வீட்டில் சொல்வீர்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பிள்ளை, "சொன்னா காலேஜை நிறுத்திருவாங்க அக்கா" என்றாள். மற்றவர்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள்.

தப்பு செய்தவன் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறான், படிப்பை இழப்பது நம் பிள்ளை. அதனால் எதுவும் நடப்பதற்கு முன்பே, வெளிப்படையாக அவளிடம் சொல்லிவிடுங்கள்: "ஏட்டி, உனக்கு என்ன நடந்தாலும் எங்கிட்ட சொல்லு. அதுக்காகப் படிப்பை நிறுத்த மாட்டேன்." சொன்னால் மட்டும் போதாது. அவள் வந்து சொல்லும் நாளில் "நீ எப்படிச் சிரிச்ச, என்ன சுடிதார் போட்டிருந்த?" என்று ஆரம்பிக்கக் கூடாது. பெண்களுக்கான உதவி எண் 181. கல்லூரிக்குள் தொல்லை என்றால், 2013 சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்று முதல் மாதமே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

செல்போனும் இதே கணக்குதான். பாடம், நோட்ஸ், அறிவிப்பு எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. போனைப் பிடுங்கி வைத்தால் பாடமும் சேர்ந்து போகும். இரவு இத்தனை மணிக்குப் போன் சமையலறை மாடத்துக்குப் போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம் போடுங்கள். அப்பாவுக்கும் உண்டு!

விடுதியில் விட்டிருந்தால்

மகனோ மகளோ வெளியூர் விடுதியில் இருந்தால் தினம் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறோம். "சாப்பிட்டேன்" என்று முடித்துவிடுவார்கள். "யார்கூடச் சாப்பிட்ட?" என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்தும் ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் பிள்ளை தனியாக இருக்கிறான் என்று அர்த்தம். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தூக்கமில்லை, மனசு சரியில்லை என்றால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சேர்க்கையின்போது ராகிங் பற்றி ஓர் உறுதிமொழிப் படிவத்தில் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். நம்மில் பலரும் அது என்னவென்று கேட்காமலே போட்டுவிட்டு வருகிறோம். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங்குக்குத் தனிச் சட்டமே வந்தது. உங்கள் மகன் மற்ற பிள்ளையைத் துன்புறுத்தினாலும் இதே சட்டம்தான். புகாருக்கு 1800-180-5522.

குழுக் கூட்டத்துக்கு

இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். இந்த வருடம் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர்கள் யார் யார் என்று பெயர் எழுதுங்கள். அவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பீடி அட்டை, ஆதார், பிள்ளையின் பாஸ்புக் மூன்றையும் கொண்டுவரட்டும். எழுத்துக்கூட்டிப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லூரி முடித்த மகள் இருக்கும் உறுப்பினர் இருந்தால், அந்தப் பிள்ளையை அழைத்து முதல் செமஸ்டர் எப்படி இருந்தது என்று பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். உதவித்தொகைக்கான கடைசித் தேதி ஒவ்வொரு வருடமும் மாறும். மகள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் பார்த்து வந்து சொல்லும் அன்றே தீர்மான நோட்டின் பின் அட்டையில் குறித்துவிடுங்கள்.