கடற்கோட்டையின் எட்டுப் பக்கமும் √2 கணக்கும்

தரம் 11 சேடுகள் பாடத்தில் பகுதியை விகிதமுறச் செய்யும் கணக்கு வந்ததும் பலர் கொப்பியை மூடிவிடுகிறீர்கள். "விடை சரிதானே, வர்க்கமூலம் கீழே இருந்தால் என்ன சேர்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. (பெற்றோருக்கு: பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி.)

முதலில் 1/√2 ஐ எடுப்போம். √2 என்பது ஏறக்குறைய 1.414. ஒன்றை 1.414 ஆல் கையால் வகுத்துப் பாருங்கள், தாள் நிரம்பிவிடும். மேலேயும் கீழேயும் √2 ஆல் பெருக்கினால் √2/2 வரும். 1.414 இல் பாதி 0.707, கணக்கு முடிந்தது! இரண்டு பக்கமும் ஒரே எண்ணால் பெருக்குவது ஒன்றால் பெருக்குவது மாதிரித்தான், பெறுமானம் மாறாது.

இனி ஒரு கோட்டையைப் பார்ப்போம். நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட நம்ம தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் போய்வருகிறார்கள். குறிகட்டுவானில் படகு ஏறுவதோடு திரும்பிவிடாமல் ஊர்காவற்றுறைப் பக்கமும் போனால், அதற்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் ஒரு சின்னக் கோட்டை தெரியும். போர்த்துக்கீசர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்த ஹம்மன்ஹீல் கோட்டை அது. இலங்கையைப் பன்றித் தொடை வடிவமாகக் கண்டு, அதன் குதிகால் என்று ஒல்லாந்தர் வைத்த பெயராம்! அதன் வடிவம் எண்கோணம். நிஜச் சுவர்கள் கச்சிதமாகச் சமன் என்று சொல்லவில்லை. நம் கணக்குக்கு எட்டுப் பக்கமும் சமன் என்று வைப்போம்.

ஒரு சதுரம் கீறி, நாலு மூலையையும் வெட்டினால் எண்கோணம் வரும். அதன் ஒரு பக்கம் a என்க. வெட்டிய ஒவ்வொரு துண்டும் இரண்டு பக்கம் சமனான செங்கோண முக்கோணம், அதன் செம்பக்கம் a. பைதகரஸ் தேற்றப்படி சின்னப் பக்கம் a/√2. ஆகவே முழு அகலம் a + 2a/√2. இதில் 2/√2 ஐச் சுருக்கினால் √2. எனவே அகலம் = a(√2 + 1).

அகலம் தெரிந்து பக்கம் தெரியாவிட்டால்? பக்கம் = அகலம்/(√2 + 1). இங்கே √2 ஆல் மட்டும் பெருக்கினால் போதாது, கீழே 2 + √2 வந்து நிற்கும். குறியை மாற்றி (√2 − 1) ஆல் மேலும் கீழும் பெருக்க வேண்டும். (√2 + 1)(√2 − 1) = 2 − 1 = 1. வர்க்கமூலம் கீழேயிருந்து போய்விட்டது. பக்கம் = அகலம் × (√2 − 1). 12 அங்குலச் சதுரப் பலகையை எண்கோணமாக வெட்ட ஒரு பக்கம் 12 × 0.414, அதாவது 5 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. தச்சு வேலை செய்யும் அண்ணன்மாருக்கும் உதவும்.

இதையே திருப்பினால் அகலம் = பக்கம்/(√2 − 1). சுவர்ப் பக்கம் 20 அடி என்க. √2 ஐ 1.4 என்று போட்டு அப்படியே வகுத்தால் 20/0.4 = 50 அடி. விகிதமுறச் செய்து 20(√2 + 1) என்று எழுதி, அதே 1.4 ஐப் போட்டால் 48 அடி. உண்மையான அளவு 48.28 அடி. முதல் ஆள் அத்திவாரத்தை ஒன்றே முக்கால் அடி கூட்டி வெட்டியிருப்பார். பகுதி சின்ன எண்ணாக இருந்தால் அதில் செய்யும் சிறு பிழை விடையில் பெரிதாகிவிடும்.

ஆனால் எப்போதும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். மேலே பார்த்த பலகைக் கணக்கில் 1.4 ஐப் போட்டால் 12/2.4 = 5, விகிதமுறச் செய்த 12 × 0.4 = 4.8. இங்கே முதலாவதுதான் கிட்ட வருகிறது. அதனால் கடைசி வரி வரை √2 ஐ √2 ஆகவே வையுங்கள், பிறகு 1.414 போடுங்கள்.

புள்ளி போகும் இடங்கள் இரண்டு. கீழே மட்டும் பெருக்கிவிட்டு மேலே மறப்பது ஒன்று. √3 + √2 ஐ √5 என்று எழுதுவது மற்றது. √3 + √2 மூன்றைத் தாண்டும், √5 இரண்டேகால்கூட இல்லை!

செய்து பாருங்கள்: 6/√3, 10/√5, 4/(√5 − 1), 1/(√3 + √2).

விடைகள் (செய்த பிறகு பார்க்கவும்): 2√3, 2√5, √5 + 1, √3 − √2.