மசக்கைக் காலமும் அக்குபங்சர் ஊசியும்

வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மறுநாளே மதுரைக் குடும்பங்களில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "ஊசி கீசின்னு எவன்கிட்டயும் போயிராத தாயி, தங்குனது கலைஞ்சிரும்" என்பது மாமியார் கட்சி. "மாத்திரை பூரா விஷம் மதினி, எங்க ஹீலர்கிட்ட வாங்க, ஒரே ஒரு தொடுதான்" என்பது நாத்தனார் கட்சி. இரண்டு பேருமே அக்குபங்சரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முதல் கட்சி ஊசிக்குத் தேவைக்கு மேல் பயப்படுகிறது. இரண்டாவது, பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கிறது. எனக்கு இரண்டாவது கட்சியின் மேல்தான் கவலை அதிகம்.

நம் பக்கத்து நிலவரம் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். 'அக்குபங்சர்' என்று பலகை மாட்டிய இடங்கள் எல்லாவற்றிலும் ஊசி இருக்காது. நாடி பிடித்துப் பார்த்து, ஒரே ஒரு புள்ளியில் விரலால் சில விநாடி தொட்டு அனுப்பும் 'ஹீலர்'கள் இங்கே ஏராளம். ஆகவே கர்ப்பிணிக்கு அங்கே ஆபத்து உண்டா என்று கேட்டால், ஊசியைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிட முடியாது.

"ஊசி குத்தினால் கரு கலைந்துவிடும்"

இந்தப் பயம் மாமியார்கள் கண்டுபிடித்ததல்ல; சீன மருத்துவ மரபிலேயே உள்ளது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பெருங்குடல் 4, உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள மண்ணீரல் 6, தோள்பட்டை உச்சியில் ஒன்று, இடுப்புக்குக் கீழே சில என்று கர்ப்பிணிக்கு விலக்கப்பட்ட புள்ளிகளின் பட்டியல் ஒன்று தலைமுறை தலைமுறையாக வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட அக்குபங்சர் பாதுகாப்பு வழிகாட்டியும், முதல் மூன்று மாதங்களில் அடிவயிற்றிலும் இடுப்பின் பின்பக்கத்திலும் குத்தும் வழக்கம் இல்லை என்று எழுதி வைத்தது.

பிறகு சோதித்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், கர்ப்பம் 14 வாரத்தைத் தாண்டாத 593 பெண்களை நான்கு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. மசக்கைக்காக ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே கருச்சிதைவிலோ, குழந்தையின் பிறவிக் குறைகளிலோ வேறுபாடு தெரியவில்லை. கர்ப்பகால அக்குபங்சர் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளிவந்த இன்னொரு மதிப்பீட்டில், ஊசியோடு தொடர்புபடுத்தத்தக்க தொந்தரவு 100 அமர்வுக்கு ஒன்றரைக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை குத்திய இடத்தில் வலி, துளி ரத்தம் போன்ற சில்லறை விஷயங்கள்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. நாள் தாண்டியும் வலி வராத நிறைமாதப் பெண்களுக்கு, பிரசவ வலியைக் கிளப்பவே இதே 'விலக்கப்பட்ட' புள்ளிகளில் ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம்பும்படியான பலன் கிடைக்கவில்லை. கருப்பை தயாராகக் காத்திருக்கும் பத்தாம் மாதத்திலேயே அதை அசைக்க முடியாத ஊசி, இரண்டாம் மாதத்தில் கருவைக் கலைத்துவிடும் என்றால் நம்பக் கடினமாக இருக்கிறது.

அப்படியானால் ஊசி போட்ட வாரத்திலேயே கலைந்தது என்று சொல்கிறார்களே? உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகக் கலைகின்றன; பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. அந்த வாரம் ஊசி போட்டிருந்தால் ஊசி மேல் பழி விழும். பப்பாளி தின்றிருந்தால் பப்பாளி. பஸ்ஸில் உசிலம்பட்டி போய் வந்திருந்தால் பஸ். கடைசியில் பழி அந்தப் பெண்ணின் தலையில்தான் வந்து நிற்கும். அதுதான் இந்த நம்பிக்கை செய்யும் பெரிய கேடு.

இவ்வளவுக்குப் பிறகும், முதல் மூன்று மாதத்தில் அடிவயிற்றிலும் இடுப்பிலும் ஊசி வேண்டாம் என்றே சொல்வேன். மின்சாரம் பாய்ச்சும் எலக்ட்ரோ அக்குபங்சரும் வேண்டாம். மசக்கைக்கு அங்கெல்லாம் குத்த வேண்டிய தேவையே கிடையாது. தேவையில்லாத இடத்தில் துணிச்சல் எதற்கு?

"ஒரு புள்ளியைத் தொட்டால் மசக்கை நின்றுவிடும்"

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மணிக்கட்டின் உள்பக்க மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள புள்ளியை 'பி 6' என்பார்கள். இதய உறை 6 என்பது அதன் தமிழ்ப் பெயர். உலக அளவில் அதிகம் சோதிக்கப்பட்ட அக்குபங்சர் புள்ளிகளில் இது ஒன்று. அடிலெய்டு ஆய்வில், முழுமுறை அக்குபங்சர் எடுத்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே குமட்டல் குறைந்தது. பி 6 மட்டும் குத்தியவர்களுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து. சுவாரசியம் அடுத்ததில்தான்: புள்ளியே இல்லாத இடத்தில் ஒப்புக்கு ஊசி வைக்கப்பட்டவர்களுக்கும் மூன்றாம் வாரத்திலிருந்து குறைந்தது. வாந்தியின் எண்ணிக்கையில் எந்தப் பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆக, குமட்டல் கொஞ்சம் தணியும். அதில் எவ்வளவு புள்ளியின் வேலை, எவ்வளவு படுக்க வைத்து அக்கறையாகக் கேட்டதன் வேலை என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இங்கிலாந்தின் அரசு வழிகாட்டி 2021இல், குமட்டலும் வாந்தியும் மிதமாகவோ கடுமையாகவோ இருப்பவர்களுக்கு மற்றச் சிகிச்சையோடு கூடுதலாக, ஊசியின்றிப் புள்ளியை அழுத்தும் அக்குபிரஷர் முறையையும் யோசிக்கலாம் என்று சேர்த்துக்கொண்டது. 'கூடுதலாக' என்பதை அழுத்தி வாசிக்க வேண்டும். லேசான மசக்கைக்கு இஞ்சியை அதே வழிகாட்டி சொல்கிறது. நம் பாட்டிமார் அதற்காக லண்டன் வரை போனதில்லை.

பி 6 புள்ளியை அழுத்த உங்கள் கட்டைவிரலே போதும். பஸ்ஸுக்கும் அமர்வுக்கும் பணம் செலவழித்துத்தான் அதைச் செய்ய வேண்டும் என்பதில்லை.

"வாந்தி என்பது கழிவு வெளியேறுவது. மாத்திரை வேண்டாம், ஸ்கேன் வேண்டாம்"

எல்லா ஹீலர்களும் இப்படிச் சொல்வதில்லை. சொல்கிறவர்கள் போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். தொட்டுவிட்டு அனுப்பும்போது வாசலில் வைத்துச் சொல்லும் இந்த இரண்டு வாக்கியத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

போலிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக் குழாய், கரு தரித்த 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். முன்பு ஒரு குழந்தை நரம்புக் குழாய் சரியாக மூடாத குறையோடு பிறந்த தாய்மார்களிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வில், போலிக் அமிலம் அந்தக் குறையை 72 சதவீதம் குறைத்தது. 1991இல் வெளியான முடிவு அது. கிராம சுகாதார செவிலியர் இலவசமாகத் தரும் அந்தச் சின்ன மாத்திரையை 'ரசாயனம்' என்று தூக்கிப் போடச் சொல்வதற்கு எந்த நாடியிலும் ஆதாரம் கிடையாது.

தைராய்டு மாத்திரை இன்னும் முக்கியம். சுமார் 12 வாரம் வரை கருவுக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்வதில்லை. தாயின் ஹார்மோனை நம்பித்தான் அதன் மூளை வளர்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த நேரத்தில் அளவைக் கூட்ட வேண்டிவரும். அப்போது போய் நிறுத்தச் சொன்னால்? வலிப்பு மாத்திரை, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் இதே கதைதான். கர்ப்பத்துக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரைகள் சில உண்டு, உண்மை. அவற்றை மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். யாரும் தானாக நிறுத்தக் கூடாது.

ஸ்கேனுக்கு வருவோம். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு, கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும். அது வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். அதன் முதல் அடையாளங்கள் அடிவயிற்று வலியும் கொஞ்சம் ரத்தக்கசிவும். இரண்டையும் 'சூடு', 'கழிவு' என்று சொல்லி ஒரு வாரம் ஓட்டிவிட முடியும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் அதை முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடும். கை நாடியில் அது தெரியாது.

வாந்தி மாத்திரை மேல் உள்ள பயத்துக்கு ஒரு நியாயமான வரலாறு உண்டு. மசக்கைக்குக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு, 1960களின் தொடக்கத்தில் கை கால் குறைந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை விட்டுப் போனது. அந்த அதிர்ச்சி பிறகு தவறான இடத்திலும் விழுந்தது. டாக்சிலமின், பைரிடாக்சின் சேர்ந்த வேறொரு மாத்திரையின் மேல் அமெரிக்காவில் வழக்குகள் குவிய, 1983இல் நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. அதன் பிறகு பிறவிக் குறைகள் குறையவில்லை. வாந்தி தாங்காமல் மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகள்தான் கூடினார்கள். 2013இல் அதே கூட்டு மருந்து அங்கே மறுபடி அனுமதி பெற்றது. நம் ஊர் மருத்துவர்கள் மசக்கைக்கு வழக்கமாக எழுதுவதும் அதுதான்.

இந்த மறுப்புகள் முதல் மூன்று மாதத்தோடு நிற்பதில்லை. ஸ்கேன் வேண்டாம் என்பது தடுப்பூசி வேண்டாம் ஆகும், பிறகு ஆஸ்பத்திரியே வேண்டாம் ஆகும். 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு இளம்பெண் இறந்தார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் நேமத்தில், அக்குபங்சரை நம்பி வீட்டில் பிரசவித்த பெண்ணும் குழந்தையும் இறந்தார்கள். கணவரும் அக்குபங்சர் சிகிச்சையாளரும் கைதானார்கள். இரண்டு இடத்திலும் ஊசி யாரையும் கொல்லவில்லை.

"ஊசி போட்டால் கரு நன்றாகத் தங்கும்"

செயற்கைக் கருத்தரிப்புக்குப் போகும் தம்பதியரிடம் அதிகம் விற்கப்படும் நம்பிக்கை இது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், உண்மை ஊசி போட்டவர்களில் 18.3 சதவீதத்தினருக்கும், போலி ஊசி போட்டவர்களில் 17.8 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. வித்தியாசம் இல்லை என்றே பொருள்.

"அரசே அங்கீகரித்துவிட்டது, பிறகென்ன?"

மத்திய சுகாதார அமைச்சகம் 2003இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறை என்ற இடமும் கொடுத்தது. மேற்கு வங்கம் 1996இலேயே இதற்கென்று சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரமும் பின்னால் இயற்றியது. ஆனால் முறைக்குக் கிடைத்த அங்கீகாரம், அதைச் செய்கிறேன் என்று பலகை மாட்டிய எல்லோருக்கும் கிடைத்த அங்கீகாரம் ஆகாது. ஐந்தரை ஆண்டு யோகா, இயற்கை மருத்துவப் பட்டம் படித்தவர்களுக்குப் பாடத்திலேயே அக்குபங்சர் இருக்கிறது, பதிவு எண்ணும் உண்டு. மதுரையில் பெரியாஸ்பத்திரியிலேயே, அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு இயங்குகிறது. மகப்பேறு மருத்துவரும் அதே வளாகத்தில் இருக்கிறார் என்பது கர்ப்பிணிக்கு ஒரு கூடுதல் நிம்மதி.

எங்கே போனாலும் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் எத்தனை வாரம், எந்த மருத்துவரிடம் காட்டுகிறீர்கள், ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று விசாரிக்கிறாரா? ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உறை பிரித்து உங்கள் கண்ணெதிரே எடுக்கிறாரா? இது வெறும் சம்பிரதாயக் கேள்வி இல்லை. 1984இல் அமெரிக்காவின் ரோட் தீவில் ஒரே அக்குபங்சர் இடத்திலிருந்து 35 பேருக்கு ஹெபடைடிஸ் பி பரவியது. அந்தக் கிருமி தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். உட்கார்ந்தபடி குத்திக்கொண்டு மயங்கி விழாமல் இருக்கப் படுத்துக்கொள்ளுங்கள். 'மாத்திரையை நிறுத்து' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

12 வாரத்துக்குள் கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் அதுதான் வாசல். சந்தேகம் கேட்க 104 உதவி எண் இருக்கிறது. ஒருநாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர்நிறமாகப் போகிறது, உடல் எடை மளமளவென்று இறங்குகிறது, ரத்தம் படுகிறது, ஒரு பக்க அடிவயிறு வலிக்கிறது, தோள்பட்டை வலியோடு கிறுகிறுப்பு வருகிறது என்றால் பி 6ஐ அழுத்திப் பார்க்கும் நேரம் அது இல்லை, 108ஐக் கூப்பிடுங்கள்.