தவணை முடியட்டும், பிறகு பார்க்கலாம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது.

மக்கள் நீதிமன்றத்தில் வங்கியோடு பேசி முடித்த தொகையில் பாதியைக் கட்டிவிட்டாய் என்று உன் அப்பா சொன்னான். மனம் நிறைந்தது. உன் வீட்டுக்காரரின் சிகிச்சைக்காக வாங்கிய கடன் அது. வட்டியும் அபராதமும் ஏறி மூச்சு முட்டிய நிலையிலும் ஓடி ஒளியாமல் நேரில் போய்ப் பேசி முடித்தாய். அந்தத் துணிவு எல்லாருக்கும் வராதம்மா.

ஸ்கூட்டர் வாங்க லோன் போடப் போகிறாய், ஷோரூமில் ஆதார், பான் நகல் கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னான். இரண்டு பஸ் மாறி பனியன் கம்பெனிக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் உனக்கு ஸ்கூட்டர் ஆடம்பரம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இப்போது எந்தக் கடனுக்கும் விண்ணப்பிக்காதே. வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில், நீ கையெழுத்திட்ட தீர்வின் பலத்தைத் தெரிந்துகொள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் வங்கி புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை, நேரே நிறைவேற்று மனுவுக்குப் போகலாம். குறித்த தேதிக்குள் கட்டாவிட்டால் தள்ளுபடி ரத்தாகும் என்ற வரி அதில் இருக்கிறதா என்றும் பார். இப்படிப்பட்ட தீர்வுகளில் அது பெரும்பாலும் இருக்கும். ஸ்கூட்டருக்கு மாதம் 3,000 ரூபாய் தவணை என்று வைத்துக்கொள். ஓவர்டைம் இல்லாத ஒரு மாதம் வந்தால் எதைக் கட்டுவாய், எதை விடுவாய்? வண்டியைத் தூக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் அதைக் கட்டுவாய். போராடி வாங்கிய தள்ளுபடி கையை விட்டுப் போகும்.

அடுத்தது, கடன் வரலாறு. நாம் பொதுவாக சிபில் என்று சொன்னாலும், டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. நீ ஒரு இடத்தில் விண்ணப்பித்தாலே, அவர்கள் உன் கணக்கைப் பார்த்தார்கள் என்பது அங்கே பதிவாகும். ஷோரூமில் ஒரே நகலை மூன்று நான்கு பைனான்ஸ் கம்பெனிக்கு அனுப்புவது வழக்கம். கடன் தீராத நேரத்தில் இத்தனை பதிவுகள் சேர்ந்தால், பணத்துக்கு அலைகிறாள் என்றே படிப்பவர் எண்ணுவார். லோன் கிடைக்காது, இருக்கிற ஸ்கோரும் இறங்கும். உன் அறிக்கையை நீயே எடுத்துப் பார்ப்பதால் மட்டும் ஸ்கோர் குறையாது.

ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் கொண்டுவந்த விதி ஒன்றும் உண்டு. சமரசத் தீர்வில் கணக்கு முடித்தவருக்கு, விவசாயக் கடன் தவிர்த்த மற்றவற்றில், குறைந்தது 12 மாதம் கழித்தே புதுக் கடன் தரலாம். ஆகவே தவணை முடிந்ததும் அந்த வங்கியின் வாசலில் போய் நிற்காதே.

பெரிய வங்கிகள் மறுக்கும்போது, உடனே தருகிறேன் என்று வருபவர்களைப் பார்த்துத்தான் எனக்கு அதிகப் பயம். போனில் வரும் லோன் ஆப் ஒன்று. விதிப்படி, கடன் பணம் நேரே உன் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், வட்டியும் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதத்தை முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும், உன் போனில் உள்ள தொடர்பு எண்களை அது தொடக் கூடாது. இவற்றில் ஒன்றை மீறினாலும் அந்த ஆப்பை அழித்துவிடு. தண்டல்காரர் இன்னொருவர். பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் கொடுத்து, தினம் நூறாக நூறு நாள் வாங்குவார். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. ஆனால் மாட்டிக்கொண்ட பிறகு சட்டத்தைத் தேடுவதைவிட மாட்டாமல் இருப்பது நல்லது.

கடன் என்று தோன்றாத கடன்களையும் தள்ளி வை. போன் கடையின் 'ஜீரோ வட்டி' இஎம்ஐ, 'பிறகு கட்டலாம்' என்று ஆப்பில் தரும் வசதி, மகளிர் குழுவில் எடுக்கும் மைக்ரோ பைனான்ஸ், தோழிக்குப் போடும் ஜாமீன் கையெழுத்து எல்லாம் உன் பெயரில்தான் ஏறும்.

அவசரம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். நியாயமான கேள்வி. மருத்துவச் செலவுக்கு உன் ஈஎஸ்ஐ கார்டு இருக்கிறது, உன் குழந்தைக்கும் அது செல்லும். பிஎப்பில் நோய்க்காக முன்பணம் கேட்க இடமுண்டு. தவணைக்கே பணம் குறைந்தால், தேதிக்கு முன்பே வங்கிக்கு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கு. தேதி போன பிறகு கேட்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். அதற்கும் வழியில்லை என்றால் நகையை அடகு வைக்காதே, ஒன்றை விற்றுவிடு. அடகு இன்னொரு கடன். இவை எதுவும் போதாமல் கடன் கேட்டே தீர வேண்டிய நிலை வந்தால், தீர்வு நடந்துகொண்டிருப்பதை விண்ணப்பத்தில் மறைக்காதே. மறைத்தது தெரிந்தால் கடன் கிடைக்காமல் போவதோடு, மோசடிப் புகாருக்கும் இடமாகும்.

கடைசித் தவணை கட்டியதும், பாக்கி இல்லை என்ற கடிதத்தை வங்கியிடம் எழுத்தில் வாங்கு. சில வாரம் கழித்து நான்கு நிறுவனங்களின் அறிக்கையையும் எடு. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஒவ்வொன்றும் இலவசமாகத் தரவேண்டும். அதில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அதைக் கண்டு கலங்காதே. ஆனால் பாக்கி இருப்பதாகக் காட்டினால் உடனே புகார் கொடு. 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க உனக்கு உரிமை உண்டு.

தவணை முடிந்த மறுமாதமே, ஸ்கூட்டருக்குக் கொடுக்க நினைத்த அந்த 3,000 ரூபாயை வங்கியில் ஓராண்டு ஆர்டியில் போடு. பன்னிரண்டு மாதத்தில் 36,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் சேரும். நல்ல பழைய வண்டி ஒன்றை ரொக்கமாகவே வாங்கலாம். புதிது வேண்டும் என்றால் முன்பணம் தயாராக இருக்கும், வாங்க வேண்டிய கடனும் சிறியதாக இருக்கும். கடன் வரலாற்றைச் சீராக்க விரும்பினால், டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கிரெடிட் கார்டு ஒன்றை அப்போது வாங்கி, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டு.

அதுவரை இரவு ஷிப்ட் நாட்களில் வண்டி வைத்திருக்கும் தோழியோடு சேர்ந்து வர முடியுமா பார். பெட்ரோலுக்கு உன் பங்கைக் கொடுத்துவிடு.

வாழ்நாள் முழுவதும் கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்ன தேதியில் சொன்ன தொகையைக் கட்டியவள் என்ற பெயரை முதலில் சம்பாதித்துக்கொள். அந்தப் பெயர் இருந்தால் நாளை குழந்தையின் படிப்புக்கோ வீட்டுக்கோ தலைநிமிர்ந்து கடன் கேட்கலாம்.

அடுத்த தவணை கட்டியதும் ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஷோரூமுக்கு இன்றைக்கே போன் செய்து, பேப்பரை எங்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஆசிகளுடன்,
பெரியப்பா